கணினி, பிரிண்டர், வைஃபை பழுதுகளை வீட்டிலேயே திருத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

இணையம் நின்றவுடன் பல வீடுகளில் முதலில் நடப்பது இதுதான்: யாராவது ஒருவர் ரவுட்டரின் பின்னால் உள்ள சிறு துளைக்குள் ஊசியை விட்டு அழுத்துகிறார். விளக்குகள் அணைந்து மீண்டும் எரிகின்றன. வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் பழைய நிலைக்குப் போய்விடுகின்றன. சில இணைப்புகளில் நிறுவனம் தந்த பயனர் பெயரும் அழிந்துவிடுகிறது. சிறிது நேரத்தில் தானாகவே திரும்பியிருக்கக்கூடிய இணைப்பு, இனி ஆள் வந்து சரிசெய்தால்தான் திரும்பும்.

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் உறவினர் வீடுகளிலும் அயலவர் வீடுகளிலும் இந்தப் பழுதுகளைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். பழுது செய்யும் சேதத்தைவிட, வரிசை தவறிய திருத்தம் செய்யும் சேதமே பெரிது. ஆகவே இந்த வழிகாட்டியில் வரிசைக்குத்தான் முதலிடம். பழுது எந்த இடத்தில் என்று கண்டுபிடித்த பிறகே கைவைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்ய வேண்டும். இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எது பலித்தது என்று தெரியாமல் போகும். அதே பழுது அடுத்த மாதம் வரும்போது மீண்டும் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

இங்கே விண்டோஸ் கணினிகளைப் பற்றியே எழுதுகிறேன். திரையில் ஆங்கிலத்தில் தெரியும் பெயர்களை அவற்றின் உச்சரிப்பிலேயே தந்திருக்கிறேன்.

1. பழுது வரும் முன்னரே தயாராக இருக்க வேண்டியவை

முதலாவது, ஒரு கொப்பி. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள வைஃபை பெயர், கடவுச்சொல், அமைப்புகளை மாற்றும் நிர்வாகப் பக்கத்தின் முகவரி ஆகியவற்றை அதில் எழுதுங்கள். இணைய இணைப்பின் கணக்கு எண்ணையும் எழுதுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து வைத்தாலும் சரி. ஆனால் அந்தப் படம் இணையத்தில் எங்கோ சேமிக்கப்பட்டிருந்தால், இணையம் இல்லாத நேரத்தில் அதைப் பார்க்க முடியாது.

இரண்டாவது, கணினியை ரவுட்டருடன் வயரால் இணைக்கும் ஒரு நல்ல லான் கேபிளும் ஒரு யுஎஸ்பி பிரிண்டர் கேபிளும். வைஃபையைக் குற்றம் சொல்வதற்கு முன் அதை விலக்கிவிட்டுச் சோதிக்க இந்த இரண்டும் வேண்டும். வயரால் இணைத்தபோது வேலை செய்து வைஃபையில் வேலை செய்யாவிட்டால், தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

மூன்றாவது, உங்கள் கோப்புகளின் பிரதி. பிள்ளைகளின் படங்கள், பரீட்சைக் குறிப்புகள், அடையாள ஆவணங்களின் ஸ்கேன்கள் எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றித் தனியே வையுங்கள். எப்போதும் கணினியில் செருகியே இருக்கும் டிஸ்க், மின்னலோ வைரஸோ வந்தால் கணினியுடன் சேர்ந்தே போய்விடும்.

நான்காவதைத்தான் பலர் அறிவதில்லை. பல விண்டோஸ் 11 மடிக்கணினிகளில் பிட்லாக்கர் என்ற பூட்டு, உரிமையாளருக்குத் தெரியாமலேயே இயங்கிக்கொண்டிருக்கிறது. பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்பு மாறினாலோ உள்ளே ஒரு பாகத்தை மாற்றினாலோ, 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டுக் கணினி அப்படியே நின்றுவிடும். அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணினி நன்றாக இயங்கும்போதே கணக்கிற்குள் சென்று அதைப் பார்த்துக் கொப்பியில் எழுதிவிடுங்கள். எண் இல்லாவிட்டால் கடைக்காரராலும் உங்கள் கோப்புகளைத் திறக்க முடியாது.

2. கைவைக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

ஒரு சாதனத்தில் மட்டும் பிரச்சினையா, எல்லாவற்றிலுமா? கைப்பேசியில் யூடியூப் ஓடுகிறது, கணினியில் ஓடவில்லை என்றால் ரவுட்டரைத் தொடத் தேவையில்லை. எல்லாச் சாதனங்களிலும் இல்லை என்றால் கணினியைத் தொடத் தேவையில்லை. சோதிக்கும்போது கைப்பேசியின் மொபைல் டேட்டாவை நிறுத்திவிடுங்கள். அதை நிறுத்தாமல் 'போனில் வைஃபை வேலை செய்கிறது' என்று சொல்வதை அடிக்கடி கேட்கிறேன்.

கடைசியாக வேலை செய்தது எப்போது? அதற்குப் பின் என்ன மாறியது? புது ரவுட்டர், விண்டோஸ் புதுப்பித்தல், மின்வெட்டு, இடி, வீட்டைத் துடைத்தபோது நகர்த்திய மேசை என்று காரணம் பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் இருக்கும்.

திரையில் என்ன எழுதியிருக்கிறது? 'ஏதோ ஆங்கிலத்தில் வந்தது, மூடிவிட்டேன்' என்பது பதில் ஆகாது. மூடுவதற்கு முன் படம் எடுங்கள். பிழை எண்ணை அப்படியே தேடினால், அதே எண்ணைச் சந்தித்த பிறர் கண்ட தீர்வு கிடைக்கும்.

3. மின்சாரத்தையும் வயர்களையும் பாருங்கள்

ஒவ்வொரு பிளக்கையும் கழற்றி மீண்டும் இறுக்கமாகச் செருகுங்கள். கண்ணால் பார்த்து 'செருகித்தான் இருக்கிறது' என்று சொல்வது போதாது. கொழும்பு வீடுகளில் பழைய வட்டமுனை பிளக்குகளும் புதிய சதுரமுனை 13 அம்பியர் பிளக்குகளும் கலந்தே கிடக்கின்றன, இடையில் மாற்றிகள். இந்த மாற்றிகள் தளர்ந்திருந்தால் ரவுட்டர் நாளில் பலமுறை அணைந்து எரியும். அதை இணையம் அடிக்கடி துண்டிக்கப்படுவதாக வீட்டார் நினைப்பார்கள். ரவுட்டரை மாற்றி இல்லாமல் நேரே சுவர் பிளக்கில் செருகி ஒரு நாள் பாருங்கள்.

லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் செருகாதீர்கள். உள்ளே உள்ள சூடாக்கி ஒரு கணத்தில் இழுக்கும் மின்சாரத்தை வீட்டு யுபிஎஸ் தாங்காது. கணினி, மொனிட்டர், ரவுட்டர் ஆகியவற்றை மட்டும் யுபிஎஸ்ஸில் வையுங்கள்.

ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடி இடிக்கும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே கழற்ற வேண்டும். செப்புத் தொலைபேசிக் கம்பியில் இணையம் வரும் வீடுகளில் அந்தக் கம்பியையும் ரவுட்டரிலிருந்து கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் உள்ளே வரும். ரவுட்டருக்கும் கணினிக்கும் இடையில் லான் கேபிள் இருந்தால், ரவுட்டருக்கு வந்த அடி கணினிக்கும் போகும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ஃபைபர் ரவுட்டரின் மின் பிளக் கடத்தும் என்பதால் அதையும் கழற்றத்தான் வேண்டும். இடி தலைக்கு மேல் வந்த பிறகு வயர்களைத் தொடாதீர்கள். தூரத்தில் கேட்கும்போதே செய்துவிடுங்கள்.

4. இணையம் வரவில்லை: எந்த இடத்தில் அறுந்திருக்கிறது?

இந்தப் படியை நிதானமாகச் செய்யுங்கள். இணையம் உங்களை வந்தடையும் பாதையில் நான்கு கண்ணிகள் உள்ளன: கணினி, ரவுட்டர், வீட்டிற்கு வரும் இணைப்பு, இணையதளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவை. ஒவ்வொன்றாகச் சோதித்தால் அறுந்த கண்ணி தானே தெரிந்துவிடும்.

முதலில் டேட்டா மிச்சம் இருக்கிறதா என்று நிறுவனத்தின் செயலியில் பாருங்கள். மாத இறுதியில் இணையம் மெதுவாக ஊர்ந்தால் நான் வேறு எதையும் தொடும் முன் இதைத்தான் பார்ப்பேன். பொதியின் அளவு முடிந்ததும் இணைப்பைத் துண்டிக்காமல் வேகத்தை மட்டும் குறைக்கும் பொதிகள் உண்டு. இரவுக்கென்று தனி டேட்டா உள்ள பொதிகளில், மொத்தத்தில் நிறைய மிச்சம் காட்டினாலும் பகல் பங்கு முடிந்திருக்கலாம்.

அடுத்து ரவுட்டரின் விளக்குகள். ஃபைபர் இணைப்பில் பிஓஎன் என்ற விளக்கு அசையாமல் பச்சையாக எரிய வேண்டும். எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் அல்லது மின்னினால் ஒளிச் சமிக்ஞை வீட்டிற்கு வந்து சேரவில்லை. இதற்கு வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: மெல்லிய மஞ்சள் அல்லது வெள்ளை இழை எங்காவது மடிந்திருக்கிறதா, மேசைக் காலின் கீழ் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கூர்மையாக மடிந்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். இழையின் முனையைக் கழற்றிக் கண்ணால் பார்க்காதீர்கள். அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணுக்குக் கேடு செய்யக்கூடியது. மடிப்பு எதுவும் இல்லாவிட்டால் நிறுவனத்தை அழையுங்கள். எஸ்எல்டி மொபிட்டல் இணைப்பு என்றால் எண் 1212. 'எல்ஓஎஸ் சிவப்பாக இருக்கிறது' என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லும் வழக்கமான சுற்றில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

செப்புக் கம்பி இணைப்பு என்றால் தொலைபேசியை எடுத்துக் காதில் வையுங்கள். கரகரவென்று சத்தம் கேட்டால் கம்பியில் ஈரம் அல்லது துரு. மழைக்குப் பின் இது கூடும். தொலைபேசிக்கும் ரவுட்டருக்கும் இடையிலுள்ள சிறு பிரிப்பான் பெட்டியைக் கழற்றி, ரவுட்டரை நேரே சுவர் இணைப்பில் பொருத்திப் பாருங்கள். அப்போது சரியானால் பிரிப்பான்தான் பழுது.

சிம் போட்ட 4ஜி ரவுட்டர் என்றால் இடம்தான் எல்லாம். கடைசி அறையின் அலுமாரி மேல் இருப்பதை ஜன்னலோரம் கொண்டுவாருங்கள். இரும்புக் கிராதிக்கு நேர் பின்னால் வைக்காதீர்கள். சில அடி நகர்த்தினாலே சமிக்ஞைக் கோடுகள் கூடுவதைப் பார்க்கலாம்.

விளக்குகள் எல்லாம் சரி, ஆனாலும் கணினியில் இணையம் இல்லை என்றால் ஸ்டார்ட்டில் cmd என்று தேடி, கட்டளைகளைத் தட்டும் கமான்ட் பிராம்ப்டைத் திறங்கள். ஆங்கிலத்தில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று தட்டி என்டர் அழுத்துங்கள். அதில் ஐபிவி4 முகவரி 169.254 என்று தொடங்கினால், கணினிக்கு ரவுட்டர் முகவரியே கொடுக்கவில்லை. அந்த வைஃபை பெயரை 'ஃபர்கெட்' செய்து மீண்டும் கடவுச்சொல்லிட்டு இணையுங்கள். முகவரி சரியாக இருந்தால் 'டிஃபால்ட் கேட்வே' என்ற வரியில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் அது 192.168.1.1.

இப்போது பிங் (ping) என்ற கட்டளையை, அதன் பின் ஓர் இடைவெளி விட்டு முகவரியைச் சேர்த்து, மூன்று முறை கொடுங்கள். முதலில் கேட்வே எண்ணுக்கு. பதில் வராவிட்டால் பழுது கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையில்; லான் கேபிளில் மீண்டும் பாருங்கள். பதில் வந்தால் அடுத்தது இணையத்தில் உள்ள கூகுளின் முகவரியான 8.8.8.8. கேட்வே பதில் தந்து இது தராவிட்டால் பழுது ரவுட்டருக்கு வெளியே, நிறுவனத்தின் பக்கம். இதுவும் பதில் தந்தால் மூன்றாவதாக ஏதாவது ஓர் இணையதளத்தின் பெயருக்குக் கொடுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால், பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ் சேவையில்தான் கோளாறு. நெட்வேர்க் செட்டிங்ஸில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8, 1.1.1.1 இரண்டையும் கொடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ரவுட்டரை மீள இயக்குவதும் ஒரு திருத்தம்தான், ஆனால் முறையாகச் செய்ய வேண்டும். பிளக்கைக் கழற்றி அரை நிமிடம் பொறுங்கள். செருகிய பிறகு விளக்குகள் எல்லாம் நிலைக்கும்வரை சில நிமிடங்கள் எதையும் தொடாதீர்கள். பொறுமை இழந்து நடுவில் மீண்டும் அணைப்பவர்கள்தான் அதிகம்.

5. இணையம் இருக்கிறது, வைஃபை மட்டும் மந்தம்

அளவிடுவதிலும் வரிசை இருக்கிறது. முதலில் லான் கேபிளில் வேகத்தை அளவுங்கள். பிறகு ரவுட்டருக்கு அருகில் வைஃபையில். பிறகு நீங்கள் வழக்கமாக இருக்கும் அறையில். கேபிளிலேயே குறைவாக இருந்தால் நிறுவனத்திடம் கேளுங்கள். கேபிளில் சரியாக இருந்து அறையில் மட்டும் குறைந்தால், நிறுவனத்துடன் சண்டை பிடிப்பதில் பயனில்லை. உங்கள் சுவர்கள்தான் காரணம்.

வேகத்தைப் படிப்பதில் ஒரு குழப்பம் எப்போதும் வருகிறது. நிறுவனம் சொல்வது மெகாபிட், கோப்பு இறங்கும்போது கணினி காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் இணைப்பில் கோப்பு நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட் வீதமே இறங்கும். அது குறைபாடு ஆகாது.

தொடர்மாடியில் கைப்பேசியைத் திறந்தால் இருபது வைஃபை பெயர்கள் வரிசையாகத் தெரியும். அவை எல்லாம் ஒரே காற்றில்தான் கதைக்கின்றன. பல ரவுட்டர்களில் இரண்டு அலைவரிசைகள் உண்டு. 2.4 கிகாஹேர்ட்ஸ் சுவர்களைத் தாண்டிப் போகும், ஆனால் நெரிசல் அதிகம். 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, நெரிசல் குறைவு, ஆனால் கொங்கிரீட் சுவரில் சட்டென்று தளர்ந்துவிடும். ரவுட்டர் இருக்கும் அறையில் 5, தூரத்து அறைக்கு 2.4 என்று பிரித்துக்கொள்ளுங்கள். 2.4இல் சனல் எண்ணை 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றாக வையுங்கள். இவை மட்டுமே ஒன்றின்மேல் ஒன்று விழாதவை. கைப்பேசியில் வைஃபை அனலைசர் செயலி ஒன்றை இறக்கினால், மூன்றில் எதில் கூட்டம் குறைவு என்று தெரியும்.

இடத்தையும் மாற்றிப் பாருங்கள். பல வீடுகளில் ரவுட்டர் தொலைக்காட்சிக்குப் பின்னால் தரையில் கிடக்கிறது. வயர் அங்கேதான் வந்து முடிகிறது என்பது மட்டுமே காரணம். தோள் உயரத்தில், வீட்டின் நடுப்பக்கம், குளிர்சாதனப் பெட்டிக்கும் மைக்ரோவேவுக்கும் தள்ளி வையுங்கள். மைக்ரோவேவ் அடுப்பு 2.4 கிகாஹேர்ட்ஸிலேயே இயங்குகிறது என்பதால், உணவு சூடாகும்போது ஸூம் வகுப்பு தடுமாறும். உயர்தர வகுப்புப் பிள்ளை படிக்கும் மேசைக்கு ஒரு லான் கேபிள் இழுத்துவிடுவதே நான் எப்போதும் சொல்லும் வழி. வைஃபையை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் வாங்கும் செலவைவிட அது குறைவு, தரமும் அதிகம்.

6. பிரிண்டர்

பிரிண்டர் பழுது என்று என்னிடம் வருவனவற்றில் பாதிக்கு மேல் பிரிண்டரின் பழுதே இல்லை. ஆகவே முதல் படி கணினியை மறந்துவிட்டு, பிரிண்டரின் மேல் ஒரு தாளை வைத்து போட்டோ பிரதி எடுப்பது. பிரதி நன்றாக வந்தால் மை, தாள், உருளைகள் எல்லாம் சரி, பழுது இணைப்பில். பிரதியும் வராவிட்டால் கணினியில் பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரை அழித்து நிறுவும் வேலையைத் தொடங்காதீர்கள்.

'ஆஃப்லைன்' என்று காட்டினால்: வீட்டில் அண்மையில் ரவுட்டர் மாறியதா? பிரிண்டர் இன்னும் பழைய வைஃபை பெயரைத் தேடிக்கொண்டிருக்கும். பிரிண்டரின் வைஃபை அமைப்பைப் புதிதாகச் செய்யுங்கள். வீட்டுப் பிரிண்டர்களில் பல 2.4 கிகாஹேர்ட்ஸை மட்டுமே அறியும் என்பதால் 5இன் பெயரைத் தேடி ஏமாறாதீர்கள். ரவுட்டர் மாறவில்லை என்றால் பிரிண்டரின் ஐபி முகவரி மாறியிருக்கும். மின்வெட்டுக்குப் பிறகு ரவுட்டர் சாதனங்களுக்கு முகவரிகளை வேறு வரிசையில் கொடுத்துவிடும். கணினியோ பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். பிரிண்டரை கணினியிலிருந்து நீக்கி மீண்டும் சேர்த்தால் சரியாகும். திரும்ப வராமல் தடுக்க, ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் முகவரிகளை வழங்கும் டிஹெச்சிபி (DHCP) பகுதியில் பிரிண்டருக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். பட்டியலில் ஒரே பிரிண்டர் இரண்டு முறை, 'கொப்பி 1' என்ற வாலுடன் இருக்கிறதா? பழையதற்கு அனுப்பிக்கொண்டு புதியதைப் பார்த்திருப்பீர்கள். பழையதை நீக்கி, மிஞ்சியதை 'டிஃபால்ட்' ஆக்குங்கள்.

வரிசையில் ஓர் ஆவணம் சிக்கி, அழிக்கவும் முடியாமல் அச்சாகவும் இல்லாமல் நின்றால்: கணினியை அணைத்துப் போட்டாலும் அது அங்கேயே இருக்கும், ஏனெனில் அது ஒரு கோப்பாக டிஸ்கில் கிடக்கிறது. ஸ்டார்ட்டில் சேர்விசஸ் என்று தேடித் திறந்து, அச்சு வரிசையைக் கவனிக்கும் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை நிறுத்துங்கள். பிறகு சி டிரைவில் விண்டோஸ், அதனுள் சிஸ்டம்32, அதனுள் ஸ்பூல், அதனுள் பிரிண்டர்ஸ் என்ற கோப்புறைக்குப் போய் உள்ளே இருப்பவற்றை மட்டும் அழியுங்கள். கோப்புறையை அழிக்காதீர்கள். ஸ்பூலரை மீண்டும் தொடக்குங்கள். நிறுத்தாமல் அழிக்க முயன்றால், கோப்பு பயன்பாட்டில் இருக்கிறது என்று விண்டோஸ் மறுத்துவிடும்.

தாள் சிக்கினால்: பிரிண்டரை அணையுங்கள். தாள் வழக்கமாக நகரும் திசையிலேயே, இரண்டு கைகளாலும், மெதுவாக இழுங்கள். எதிர்த் திசையில் இழுத்தால் உருளையின் பற்களும் உணரிகளும் உடையும். கிழிந்தால் துண்டுகளைச் சேர்த்து முழுத் தாளாகிறதா என்று பாருங்கள். நகம் அளவு துண்டு உள்ளே இருந்தாலும் அடுத்த தாளும் சிக்கும். லேசர் பிரிண்டர் என்றால் உள்ளே கைவிடும் முன் அரை மணி நேரம் ஆறவிடுங்கள்.

அடிக்கடி சிக்கினால் தாளைப் பாருங்கள். கடற்காற்றும் மழையும் உள்ள நகரத்தில், திறந்து வைத்த தாள்கட்டு ஈரத்தை உறிஞ்சி வளைந்துவிடும். 80 ஜிஎஸ்எம் (தாளின் எடையைக் குறிக்கும் அளவு) தாளை வாங்கி, எடுத்த பிறகு மிச்சத்தை அதன் உறையிலேயே மூடி வையுங்கள். பல நாள் அச்சிடாமல் இருந்தால் தட்டில் கிடக்கும் தாளை வெளியே எடுங்கள். போடும் முன் கட்டை விசிறிபோல் விரித்துவிட்டால் ஒட்டிய தாள்கள் பிரியும்.

டாங்கியில் மை ஊற்றும் வகைப் பிரிண்டரில் கோடு கோடாக வந்தால்: முதலில் மைத் துளைகளைச் சோதிக்கும் 'நொசில் செக்' அச்சிடுங்கள். கட்டங்களில் இடைவெளி இருந்தால் மட்டும் 'ஹெட் கிளீனிங்' ஒருமுறை செய்து, மீண்டும் நொசில் செக். இப்படி மூன்று சுற்றுக்கு மேல் போகாதீர்கள். ஒவ்வொரு சுத்தமும் மையை இழுத்து உள்ளே உள்ள கழிவுப் பஞ்சில் கொட்டுகிறது. பஞ்சு நிறைந்தால் பிரிண்டர் வேலை செய்ய மறுக்கும். மூன்று சுற்றில் சரியாகாவிட்டால் அணைத்து ஓர் இரவு விடுங்கள். குழாயில் உள்ள காற்றுக் குமிழ்கள் அடங்கி, காய்ந்த மை இளகும். மறுநாள் காலையில் ஒரு சுற்று மட்டும் செய்து பாருங்கள்.

இங்கே மிக முக்கியமான ஒரு பழக்கம்: மைப் பிரிண்டரை எப்போதும் அதன் சொந்தப் பொத்தானால் அணையுங்கள், பிறகு சுவர் சுவிட்சை. பொத்தானை அழுத்தும்போதுதான் அச்சுத் தலை தன் இடத்திற்குச் சென்று மூடிக்கொள்கிறது. நேரே சுவரில் அணைத்தால் தலை திறந்தபடியே நின்று காய்கிறது. வாரம் ஒருமுறை நான்கு நிறமும் உள்ள ஒரு பக்கத்தை அச்சிடுங்கள். மையைக் கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். குழாய்க்குள் காற்று புகுந்தால் வீட்டில் திருத்துவது கடினம்.

லேசர் டோனர் தூள் சிந்தினால் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். வெந்நீரில் தூள் உருகி ஒட்டிக்கொள்ளும். வீட்டு வெக்கியூம் கிளீனரால் உறிஞ்சாதீர்கள். நுண்தூள் வடிகட்டியைத் தாண்டி அறையெங்கும் பறக்கும்.

7. கணினி மந்தமாகிவிட்டது

'ரீஸ்டார்ட்' கொடுங்கள். 'ஷட் டவுன்' கொடுத்து மீண்டும் போடுவது அதே பலனைத் தராது. விரைவாகத் தொடங்க வேண்டும் என்பதற்காக விண்டோஸ் தன் உட்பகுதியின் நிலையைச் சேமித்துவைத்து அதையே மீண்டும் ஏற்றுகிறது. பழைய கோளாறும் அதனுடன் வரும். ரீஸ்டார்ட் மட்டுமே எல்லாவற்றையும் புதிதாகத் தொடக்கும்.

பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறங்கள். சிபியு, மெமரி, டிஸ்க் ஆகிய மூன்றில் எது எப்போதும் உச்சத்தில் நிற்கிறது? டிஸ்க் 100 வீதம் நின்று, கணினியில் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால், எந்த மென்பொருளும் உதவாது. சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்கான எஸ்எஸ்டிக்கு மாறுவதே தீர்வு. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் உள்ள கடைகளில் கேட்டால் பழைய டிஸ்கில் உள்ளதை அப்படியே புதியதற்கு மாற்றியும் தருவார்கள். மெமரி உச்சத்தில் நின்றால் பிரௌசரில் திறந்து கிடக்கும் பக்கங்களை மூடிப் பாருங்கள். அப்படியும் குறையாவிட்டால் ரேம் கூட்ட வேண்டும். சிபியு என்றால் எந்தச் செயலி மேலே நிற்கிறது என்று பெயரைப் பாருங்கள்.

'ஸ்டார்ட்டப்' பட்டியலில் தேவையற்றவற்றை நிறுத்தலாம். ஒலி, டச்பேட், வைரஸ் தடுப்பு ஆகியவற்றின் பெயர் உள்ளதை விட்டுவிடுங்கள். சி டிரைவில் இடம் பத்து வீதத்துக்கும் குறைந்தால் அதுவே மந்தத்துக்குக் காரணமாகலாம். 'வேகமாக்கும்' இலவச மென்பொருள்களை இறக்காதீர்கள். நான் பார்த்த மந்தமான கணினிகள் பலவற்றில் அப்படியொன்று உட்கார்ந்திருந்தது.

திரையின் மூலையில் 'உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள்' என்று ஓயாமல் வந்தால், பெரும்பாலும் ஏதோ ஓர் இணையதளத்துக்கு அறிவிப்பு அனுப்ப நீங்கள் தந்த அனுமதிதான் காரணம். பிரௌசர் செட்டிங்ஸில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' பகுதியில் தெரியாத பெயர்களை நீக்குங்கள். அதில் காட்டும் தொலைபேசி எண்ணுக்கு ஒருபோதும் அழைக்காதீர்கள்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. பாவித்த கணினி வாங்குபவர்கள், அது விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்று பாருங்கள். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதியும் வேண்டும்.

8. திரை கறுப்பு, அல்லது கணினி எழும்பவே இல்லை

விசிறி சுற்றுகிறதா, விளக்கு எரிகிறதா என்று முதலில் கேளுங்கள். எரிந்தும் திரை கறுப்பாக இருந்தால், விண்டோஸ் பொத்தானுடன் கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) அழுத்துங்கள். திரை இயக்கி மட்டும் மீளத் தொடங்கும். மேசைக் கணினியில் தனி கிராஃபிக்ஸ் அட்டை இருந்தால், மொனிட்டர் கேபிள் அதில்தான் செருகியிருக்க வேண்டும். மதர்போர்ட்டின் துளையில் செருகிவிட்டுத் தவிப்பவர்கள் பலர்.

மடிக்கணினி எழும்பாவிட்டால் சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். தேங்கிய மின்னேற்றம் வடியும். பிறகு சார்ஜரைச் செருகிப் போடுங்கள்.

மேசைக் கணினி பீப் ஒலியுடன் நின்றால் ரேம் தொடுமுனையாக இருக்கலாம். கடலுக்கு அருகில் உள்ள வீடுகளில் இது மிகச் சாதாரணம். பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி, ஓர் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்னை வெளியேற்றிவிட்டு, ரேமை எடுங்கள். பொன்னிற முனைகளை மென்மையான அழிறப்பரால் தேய்த்து, துகள்களை ஊதி, இரு பக்கமும் 'டிக்' என்று பூட்டும்வரை அழுத்துங்கள்.

ஒவ்வொரு முறை போடும்போதும் திகதி பழைய ஆண்டுக்குப் போய், எல்லா இணையதளமும் 'பாதுகாப்பற்றது' என்று காட்டினால், மதர்போர்ட்டில் உள்ள சிஆர்2032 என்ற நாணய வடிவப் பற்றரி தீர்ந்திருக்கிறது. கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும். இணையதளங்களின் சான்றிதழ்களைக் கணினி திகதியை வைத்தே சரிபார்ப்பதால்தான் இந்தக் குழப்பம்.

9. தமிழ் எழுத்துகள் குழம்பித் தெரிந்தால்

ஒருவர் அனுப்பிய வேர்ட் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையாகத் தெரிகிறது. வைரஸ் என்று பயந்து அழித்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய கோப்பு. உங்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. நிறுவினால் தமிழ் தெரியும். நீங்கள் அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். எழுத்துரு உள்ளேயே பதிந்து போவதால் அச்சகத்திலும் குழம்பாது. நீண்ட காலம் வைத்திருக்க வேண்டிய ஆவணங்களை, தனி எழுத்துரு தேவைப்படாத பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள்.

10. எங்கே நிறுத்த வேண்டும், கடைக்கு எப்படிக் கொண்டுபோக வேண்டும்

கருகிய வாசம், புகை, டச்பேட் மேலெழும்பி வீங்கிய பற்றரி, நீர் புகுந்த கணினி ஆகியவற்றில் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு விடுங்கள். வீங்கிய பற்றரியை அழுத்தவோ குத்தவோ, சார்ஜ் செய்யவோ கூடாது. மேசைக் கணினியின் பவர் சப்ளை பெட்டியைத் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதனுள் உயிருக்கு ஆபத்தான மின்னேற்றம் தேங்கியிருக்கும். ஹார்ட் டிஸ்க் 'டக் டக்' என்று அடித்தால் உடனே அணையுங்கள். ஓடும் ஒவ்வொரு நிமிடமும் மீட்கக்கூடிய கோப்புகளைக் குறைக்கும்.

கடைக்குப் போகும்போது என்ன பிழை, எப்போது தொடங்கியது, எதையெல்லாம் செய்து பார்த்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் சொன்னால் ஆராயும் நேரத்துக்கும் நீங்கள்தான் பணம் கொடுப்பீர்கள். விண்டோஸைப் புதிதாகப் போடும் முன் உங்களைக் கேட்க வேண்டும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள், ஏனெனில் சி டிரைவை அழித்துப் போடுவதுதான் அவர்களுக்கு விரைவான வழி. பிரௌசரில் சேமித்த வங்கிக் கடவுச்சொற்களை நீக்கிவிட்டுக் கொடுங்கள். கணினியின் தொடர் எண்ணும், உள்ளே உள்ள ரேமும் டிஸ்கும் எவ்வளவு என்பதும் குறித்த பற்றுச்சீட்டை வாங்குங்கள். பாகம் மாற்றினால் பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். திரும்பக் கிடைத்ததும் கடையிலேயே போட்டு, வைஃபை, ஒலி, கேமரா, எல்லா யுஎஸ்பி துளைகளும் வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.